நோயை மறைத்துவிட்டு நோயாளியைச் சிரிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் கலைஞர்களைப் பற்றியும், சிரிப்புக்கு உள்ள மருத்துவ குணத்தைப் பற்றியும் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மேடைச் சிரிப்பை ஒரு முழுநேரத் தொழிலாகவும் கலையாகவும் மதித்து, முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் 'வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்' என்ற பழமொழியை மருத்துவ உண்மையாகவே எடுத்துக்கொண்டு, புற்றுநோயையும் சிரித்தே வெல்லலாம் என்ற பொருள்படக் கட்டுரை முடிந்திருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. நான் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். இப்படி ஒரு வரி அச்சில் வந்தால், அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துவந்து, கீமோ ஏறிக்கொண்டிருக்கும் தாயிடமோ மனைவியிடமோ நீட்டி, "பாரு, பேப்பர்லயே போட்டிருக்கான், நீதான் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க" என்று சொல்லும் உறவினர்களை நான் அறிவேன். சொல்பவர்களின் அன்பில் குறை இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும் நோயாளி, நோயைச் சுமப்பதோடு, சிரிக்க முடியாததால்தான் நோய் தீரவில்லையோ என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கத் தொடங்குகிறார்.

சிரிப்பால் நன்மை இல்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் நன்மையை நான் நாள்தோறும் கண்ணால் பார்க்கிறேன். அந்த நன்மை எப்போது கிடைக்கிறது, எதற்குப் பிறகு கிடைக்கிறது என்பதுதான் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது. அதைச் சொல்வதற்குத் தங்கள் கட்டுரை தொடாத ஒரு கலைஞரின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன்.

டிக் நோட்டாரோ என்ற அந்த மேடை நகைச்சுவைப் பெண் கலைஞர், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள ஜாக்சன் நகரில் 1971-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இசைத்துறையில் சில காலம் வேலை பார்த்துவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸுக்குச் சென்று மேடையேறத் தொடங்கினார். அவருடைய பாணியில் ஆர்ப்பாட்டம் இருக்காது. முகத்தில் எதையும் காட்டாமல், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நீண்ட இடைவெளி விட்டு, அந்த மௌனத்திலேயே சிரிப்பை வரவழைப்பவர். ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் மேடையிலிருந்த ஸ்டூலை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டே போய், தரையில் அது எழுப்பிய கிறீச்சொலி ஒன்றை வைத்தே அரங்கத்தைச் சிரிக்கவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவுக்கு அமைதியான கலைஞர், பத்தாண்டுகளுக்கும் மேலாக மேடைகளில் உழைத்துப் பெயர் பெற்றுவந்த நேரத்தில், 2012-ஆம் ஆண்டு அவருக்கு அடுத்தடுத்து இடி விழுந்தது. நுரையீரல் அழற்சி வந்தது. அதைத் தொடர்ந்து குடலைத் தாக்கும் கடுமையான கிருமித்தொற்று வந்து, மருத்துவமனையில் கிடந்தார். அதிலிருந்து மீண்டு வந்த சில நாட்களில் அவருடைய தாயார் வீட்டில் தவறி விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். நெருங்கிய உறவு ஒன்று முறிந்தது. ஜூலை மாத இறுதியில் இரு மார்பகங்களிலும் புற்றுநோய் இருப்பதாக மருத்துவர்கள் சொன்னார்கள்.

செய்தி தெரிந்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 3-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள லார்கோ அரங்கில் அவருடைய நிகழ்ச்சி ஏற்கெனவே முடிவாகியிருந்தது. மேடையேறியவர் எல்லாருக்கும் மாலை வணக்கம் சொன்னார். அதே மூச்சில், தமக்குப் புற்றுநோய் வந்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் நலமா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று வழக்கமான மேடைக் குரலிலேயே விசாரித்தார். கூட்டம் முதலில் சிரித்தது. பிறகு அது வேடிக்கைப் பேச்சு அல்ல என்று உறைத்து அடங்கியது. அழுதவர்களும் உண்டு. அரங்கில் ஒருவர் வேதனையோடு முனகியபோது, உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் எப்படியோ தெரியவில்லை என்று மேடையில் நின்ற நோயாளி அவருக்கு ஆறுதல் சொன்னார். இடையில், இதை விட்டுவிட்டு வழக்கமான நகைச்சுவைக்குப் போகட்டுமா என்று அவர் கேட்டபோது, வேண்டாம், இதையே பேசுங்கள் என்று அரங்கிலிருந்து ஒரு குரல் உரக்க எழுந்தது. சுமார் அரை மணி நேரம் ஓடிய அந்தப் பேச்சின் ஒலிப்பதிவு அதே ஆண்டில் வெளியாகி, பின்னர் கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

அந்தப் பேச்சில் செவிலியராகிய என்னை மிகவும் உலுக்கிய பகுதி, இறந்துபோன தாயாரின் பெயருக்கு மருத்துவமனையிலிருந்து வந்த கருத்துக்கேட்புப் படிவத்தைப் பற்றியது. எங்கள் மருத்துவமனையில் தங்கியிருந்த அனுபவம் எப்படி இருந்தது என்று அதில் கேட்டிருந்தார்களாம். அவ்வளவு நன்றாக இல்லை என்று தாயாரின் சார்பில் நோட்டாரோ பதில் சொல்கிறார். செவிலியர்கள் உங்களுக்குப் புரியும்படி விளக்கிச் சொன்னார்களா என்பது ஒரு கேள்வி. மூளை முற்றிலும் செயலிழந்த நிலையில் கிடந்தவருக்கு வந்த கேள்வி அது. அரங்கம் குலுங்கிச் சிரிக்கிறது. கேட்கும்போது எனக்கும் சிரிப்பு வந்தது, உடனே தொண்டையும் அடைத்தது. ஆண்டவன் ஒருவருக்குத் தாங்குகிற அளவுக்கு மேல் துன்பத்தைக் கொடுக்கமாட்டான் என்று நம் ஊரிலும் சொல்லாத வாய் இல்லை. இவர் அந்த ஆறுதலையும் எடுத்துக்கொண்டு, இவளால் இன்னும் கொஞ்சம் தாங்க முடியும் என்று கடவுள் தேவதைகளிடம் சொல்லிக்கொண்டிருப்பதைப் போலக் கற்பனை செய்கிறார். நோயாளியிடம் வந்து வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லிவிட்டுப் போகும் எல்லாருக்கும் அதில் விடை இருக்கிறது.

இந்த வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது அந்த வரிசை. உண்மையைத்தான் அவர் முதலில் சொன்னார். நோயின் பெயரை, எந்த உறுப்பில் வந்திருக்கிறது என்பதை, தாம் சாகக்கூடும் என்ற அச்சத்தை எல்லாம் வெளிப்படையாகச் சொன்ன பிறகே அந்தச் சிரிப்பு பிறந்தது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரைப் பிழைக்கவைத்தது அறுவைச் சிகிச்சையும் மருந்தும். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு சில வாரங்களுக்குள் இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டார். 2015-இல் பாஸ்டன் நகரில் பதிவான நிகழ்ச்சியில் சட்டையைக் கழற்றி, அறுவைத் தழும்புகள் தெரிய நின்றபடியே, சற்று முன் பேசிக்கொண்டிருந்த விமானப் பயணத்தையும் அது போன்ற அன்றாட விஷயங்களையும் விடாமல் பேசி முடித்தார். சிரிப்பு தம் நோயைக் குணப்படுத்தியதாக அவர் எந்த மேடையிலும் சொன்னதை நான் கேட்டதில்லை.

கட்டுரையில் நார்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரின் கதையும் இடம்பெற்றிருந்தது. 1964-இல் முதுகெலும்பைத் தாக்கும் கடுமையான நோய் கண்ட அவர், மருத்துவமனையை விட்டு ஒரு ஹோட்டல் அறைக்கு மாறி, நகைச்சுவைப் படங்களைப் போட்டுப் பார்த்தார் என்பதும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியில்லாமல் தூங்க முடிந்தது என்று அவர் எழுதினார் என்பதும் உண்மை. 1976-இல் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் அதை அவர் வெளியிட்டார். ஆனால் அவர் தம் மருத்துவரின் துணையோடு, அவருடைய ஒப்புதலின்படி, நரம்பு வழியாக வைட்டமின் சி-யும் ஏற்றிக்கொண்டார் என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. தம் கதையை மருத்துவத்துக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவரே பின்னாளில் வலியுறுத்தினார். அது ஒரு மனிதரின் அனுபவம். அதிலிருந்து எல்லா நோய்க்கும் ஒரு விதியை வகுக்க முடியாது.

ஆய்வுகள் காட்டுவது என்ன என்பதையும் வாசகர்கள் அறிவது நல்லது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்தவர்களின் கையில் உறைந்த குளிர் உறையை மாட்டியும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை இறுக்கியும், எவ்வளவு நேரம் வலியைப் பொறுக்கிறார்கள் என்று அளந்தார்கள். எடின்பரோ கலைவிழாவில் மேடைச் சிரிப்பு நிகழ்ச்சிக்குச் சென்றவர்களையும், அதனோடு ஒப்பிட நாடகம் பார்க்கச் சென்றவர்களையும், நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் நிற்கச் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்து, அடக்க முடியாமல் சிரித்தவர்களுக்கு வலி தாங்கும் ஆற்றல் கூடியிருந்தது. அப்படிச் சிரிக்கும்போது உடலே சுரக்கும் வலிநிவாரணிகள் இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். 2017-இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள், நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையைப் படமெடுத்து, அத்தகைய பொருள்கள் உண்மையிலேயே வெளிப்படுவதைக் காட்டினார்கள். ஆக, சிரிப்பு வலியைச் சற்று நேரம் குறைக்கிறது, அருகில் இருப்பவரோடு நம்மைச் சேர்க்கிறது. இதுவே பெரிய கொடை. வளர்ந்துவிட்ட கட்டியை அது கரைக்கும் என்று இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லை.

இனி எங்கள் வார்டுக்கு வருகிறேன். புற்றுநோய்ப் பிரிவில் எங்கள் வேலையில் பாதி, நோயாளியின் குடும்பத்தார் கதவோரம் நின்று கண்ணைக் காட்டுவதைப் புரிந்துகொள்வதாகவே இருக்கிறது. "சிஸ்டர், அவங்களுக்கு விஷயம் தெரியாது, வாய்தவறிச் சொல்லிடாதீங்க" என்பார்கள். சாதாரணக் கட்டி என்றோ, இரத்தம் குறைந்துவிட்டது என்றோ, வயிற்றுப் புண் என்றோ சொல்லி அழைத்துவந்திருப்பார்கள். பாசத்தினால் செய்வதுதான். அந்த மனநிலையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதே குடும்பத்தார்தான், வந்தவர் போனவரிடமெல்லாம், இவங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டு இருந்தாலே பாதி வியாதி போயிடும் என்றும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு நாள் பகல்நேர கீமோ பிரிவில், முடி முழுவதும் கொட்டிப்போன ஒரு அம்மா, தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, "பழனி முருகனுக்கு ஒரு மொட்டை பாக்கி இருந்துச்சு. நாலு வருசமா நேரமே கிடைக்கல. படியேறாமலே கழிஞ்சிருச்சு" என்றார். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒருவர் சிரித்த சிரிப்பில் டிரிப் ஸ்டாண்டு ஆடியது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. இரத்தம் குறைவு என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர் அவர். கொஞ்ச நேரம் தம் கையில் ஏறும் மருந்தையும் பக்கத்துக் கட்டிலில் தொங்கிய பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னை அருகில் கூப்பிட்டு, "அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரே மருந்துதான சிஸ்டர் ஏறுது?" என்று கேட்டார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லும் இடத்திலும் நான் இல்லை. மருத்துவரிடம் தெரிவித்தேன். அவர் குடும்பத்தாரை உட்காரவைத்துப் பேசி, அவர்களுடைய சம்மதத்தோடு, அந்தப் பெண்ணிடம் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அன்று அவர் வெகுநேரம் அழுதார். அடுத்தடுத்த சுற்றுகளில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். எந்த மருந்துக்கு வாய் கசக்கிறது, எதற்கு வாந்தி வருகிறது என்பதில் தொடங்கிய பேச்சு, மாமியார் கொடுத்தனுப்பும் கஷாயங்களைப் பற்றிய கேலிக்கு வந்து நின்றது. அவருக்கு நோய் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவர் தனியாக இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

'இடுக்கண் வருங்கால் நகுக' என்ற குறளையும் கட்டுரையாளர் சான்றாகக் காட்டியிருந்தார். வள்ளுவர் அதை 'இடுக்கண் அழியாமை' என்ற அதிகாரத்தின் முதற்குறளாக வைத்திருக்கிறார். துன்பம் வந்தவரையே அவர் அந்தத் துன்பத்தைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார். தமக்கு வந்திருக்கும் துன்பம் இன்னதென்றே அறியவிடாமல் வைக்கப்பட்டிருக்கும் ஒருவர் எதைப் பார்த்துச் சிரிப்பார்?

இங்கே, நல்ல எண்ணத்தோடு நடக்கும் இன்னொரு தவற்றையும் குறிப்பிட வேண்டும். சிரிப்பு யோகா என்ற பயிற்சியை மருத்துவர் மதன் கட்டாரியா 1995-இல் மும்பைப் பூங்கா ஒன்றில் தொடங்கினார். இன்று நம் ஊர்ப் பூங்காக்களிலும் விடியற்காலையில் அந்தச் சிரிப்பொலியைக் கேட்கிறோம். உடல்நலம் உள்ளவர்களுக்கும் தனிமையில் வாடும் முதியவர்களுக்கும் அது நல்ல துணை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு முறை அப்படியொரு குழுவினர் எங்கள் நோயாளிகளுக்காக நிகழ்ச்சி நடத்த வந்தார்கள். எல்லாரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, உரக்கச் சிரிக்க வேண்டும் என்றார்கள். மார்பகத்தையும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் அகற்றிய பெண்ணால் பல வாரங்களுக்கு அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் எளிதில் தூக்க முடியாது. வயிற்றில் அறுவை செய்துகொண்டவருக்கு இருமினாலே தையல் வலிக்கும். வயிற்றை எக்கிச் சிரிக்கச் சொன்னால் என்ன செய்வார்? எங்கள் பெண்கள் மரியாதைக்காகப் பாதிக் கையைத் தூக்கிக்கொண்டு, வாயை மட்டும் சிரிக்கும்படி வைத்திருந்தார்கள். புகைப்படம் எடுத்தார்கள். வந்தவர்களில் ஒருவரும் நோயாளிகளிடம், உங்களுக்கு இது முடியுமா, இப்போது வேண்டுமா என்று கேட்கவில்லை.

இதைக் கேட்பதையே தொழிலின் முதல் பாடமாக வைத்திருப்பவர்கள் உலகில் இருக்கிறார்கள். நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸைச் சேர்ந்த மைக்கேல் கிறிஸ்டென்சன் 1986-இல் குழந்தைகள் மருத்துவமனைக்கென்று கோமாளிக் கலைஞர்களின் குழு ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பின் பல நாடுகளில் இது பயிற்சி பெற்றவர்கள் செய்யும் ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. இவர்கள் அறைக்குள் திடுதிப்பென்று நுழைவதில்லை. வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று குழந்தையிடம் கேட்கிறார்கள். ஊசி போட வருபவரையும் இரத்தம் எடுக்க வருபவரையும் வேண்டாம் என்று சொல்ல முடியாத குழந்தை, இந்த ஒருவரை மட்டும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். மருத்துவமனையில் குழந்தைக்கு எஞ்சியிருக்கும் அந்தச் சிறு அதிகாரம் எத்தனை பெரிது என்பது வார்டில் வேலைசெய்பவர்களுக்குப் புரியும். இத்தகைய கலைஞர்களைப் பற்றிய 24 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, இவர்கள் உடன் இருக்கும்போது சிகிச்சைக்கு உள்ளாகும் குழந்தைகளின் பதற்றம் குறைவதற்குச் சான்று இருப்பதாகக் கூறியது. நம் தமிழ்நாட்டில் பலகுரல் கலைஞர்களுக்கும் மேடைப் பேச்சாளர்களுக்கும் பஞ்சமே இல்லை. திருவிழாக் காலம் முடிந்ததும் வாய்ப்பின்றி இருக்கும் அவர்களில் விருப்பமுள்ள சிலருக்கு முறையான பயிற்சி அளித்து, உரிய ஊதியமும் கொடுத்து, அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் அமர்த்தினால் எவ்வளவோ நல்லது நடக்கும். தங்களைப் போன்ற நாளிதழ் இதைக் கையிலெடுத்து எழுதினால் அரசின் காதில் விழும்.

கடைசியாகத் தங்களிடம் சில வேண்டுகோள்கள். நகைச்சுவைக் கலைஞர்களைப் பற்றி நிறைய எழுதுங்கள். நோயுற்ற காலத்தில் அவர்கள் எப்படி மேடையேறினார்கள் என்பதையும் எழுதுங்கள். அப்படி எழுதும்போது அவர்கள் பெற்ற சிகிச்சையையும் மறவாமல் சேர்த்து எழுதுங்கள். சிரிப்பு புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொருள்படும் தலைப்புகளைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளிப்போட்டு, புண்ணான பிறகு வரும் பெண்களை நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். நோயாளியிடம் நோயைப் பற்றி எப்படிப் பேசுவது, யார் பேசுவது, எந்த அளவுக்குப் பேசுவது என்பதைக் குறித்து, புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடமும் வலிதணிப்புச் சிகிச்சையில் அனுபவமுள்ள செவிலியர் ஒருவரிடமும் கட்டுரை வாங்கி, அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு இடம் கொடுத்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்,
திருநெல்வேலி
(பெயரை வெளியிட வேண்டாம்)